கோல்கம்பத்துக்குப் பின்னால் முனீஸ்வரர்

கால்பந்து லீக் விதிகளில் ஒரு பிரிவு இருந்தது. மேல் டிவிஷனுக்கு உயரும் கிளப், சென்ற பருவத்தில் எந்தத் திடலில் ஆடியதோ அந்தத் திடலிலேயே தொடர்ந்து ஆடலாம். யாராவது எழுத்து மூலம் கேள்வி எழுப்பினால் மட்டுமே திடல் சோதனைக்கு உட்படும். தெளிவான விதி. ‘சும்மா இரு’ என்பதைச் சட்ட மொழியில் இதைவிட அழகாக எழுத முடியாது. துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் இந்தப் பிரிவைப் படித்திருந்த ஒரே ஆள் நான். எழுத்து மூலம் கேள்வி எழுப்பிய ஒரே ஆளும் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க இலாகாவில் தலைமைக் குமாஸ்தா, குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில். சனிக்கிழமை மதியம் அலுவலகம் முடிந்ததும் பஸ் ஏறிப் பண்டமாரானுக்கு, தங்கை சரோஜா வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் கணவர் கதிரேசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார் (நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு, இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்). திடலுக்கு எதிரே அவர்களுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பகலில் சரோஜா பார்த்துக்கொள்வாள். வேலை விட்டு வந்து கதிரேசன் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டுவார்.

துறைமுகத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கால்பந்துக் கிளப் நடத்தினார்கள். என்னைக் கௌரவச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். பந்தைக் காலின் எந்தப் பக்கத்தால் உதைப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடிதத்தின் அடியில் யார் யாருக்கு நகல் போட வேண்டும் என்பது தெரியும். அந்தத் தகுதி அவர்களில் வேறு யாருக்கும் இல்லை.

திடலைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்குக் கோலுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், முனீஸ்வரர் கோயில். தகரக் கூரை, ஒரு சூலம், ஒரு மணி, அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கும் முன் கேப்டன் அங்கே தேங்காய் உடைப்பார். பந்து கோயிலுக்குள் போய்விட்டால், கோல்கீப்பர் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு கும்பிடு போட்டு, எடுத்துக்கொண்டு வருவார். அதுவரை ஆட்டம் நிற்கும். எதிரணி சீனராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும் காத்திருப்பார்கள். இதற்கு எந்த விதியும் எழுதப்படவில்லை. எழுதப்படாததாலேயே அது ஒழுங்காக நடந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த ஆண்டு கிளப் மேல் டிவிஷனுக்கு உயர்ந்தது. எப்படி உயர்ந்தது என்று கேட்காதீர்கள், கடைசி ஆட்டத்தில் எதிரணியின் லோரி வழியில் பழுதாகிவிட்டதும் ஒரு காரணம். ஆனால் ஊர் ஒரே வாரத்தில் மாறியது. இனி பெரிய பெரிய கிளப்புகள் பஸ் பஸ்ஸாக ஆதரவாளர்களைக் கூட்டிக்கொண்டு வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். முடிவெட்டும் மாரிமுத்து இன்னொரு நாற்காலி வாங்கினார் (வெளியூரிலிருந்து பந்தாட்டம் பார்க்க வருகிறவன் எதற்கு முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை). காப்பிக் கடைச் சீனர் வாசல் வரை நாற்காலி போட்டார். கடை வரிசைக்குச் சொந்தக்காரரான தவுக்கே, அதாவது சீன முதலாளி, யாரையும் கேட்காமல், எல்லாக் கடைக்கும் வாடகையை உயர்த்தினார். பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதலாம். நான் கண்டதைச் சொல்கிறேன்: அந்த வெற்றியால் ஊருக்கு நிலையாகக் கிடைத்தது அந்த வாடகை ஒன்றுதான். அது பிறகு இறங்கவே இல்லை.

கதிரேசன் என்னைத் தனியாகத் திடலோரம் கூட்டிக்கொண்டு போனார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

“மச்சான், நீங்க படிச்சவங்க. வேலைய விட்டுட்டு முழுசா கடையப் பாக்கலாம்னு இருக்கேன். பிள்ளைங்க முகத்தப் பாத்தே நாளாச்சு. சரியா வருமா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையையே என்னிடம் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறார். சாதக பாதகங்களை விளக்கினேன், ஒப்புதல் கொடுத்தேன். ராஜினாமாக் கடிதத்தையும் நானே ஆங்கிலத்தில் எழுதினேன். என் உத்தியோக வாழ்வில் எழுதிய மிகச் சிறந்த கடிதங்களில் அது ஒன்று. அதைப் படித்த துறைமுக அதிகாரி, இவ்வளவு நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர் கிரேனில் ஏன் உட்கார்ந்திருந்தார் என்று வியந்தாராம்.

கடை பெரிதானது. முன்பக்கம் தகரப் பந்தல், நீள பெஞ்சுகள், இரண்டாவது அடுப்பு. அதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. இத்தனையும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறதே, கையில் ஒரு காகிதம்கூட இல்லையே! ஒரு குமாஸ்தாவுக்கு வரக்கூடிய பயம் அது. உடனே லீக் அலுவலகத்துக்கு எழுதினேன்: எங்கள் திடல் மேல் டிவிஷன் ஆட்டங்களுக்கு ஏற்புடையதே என்பதைத் தயவுசெய்து எழுத்து மூலம் உறுதிப்படுத்தவும். இரண்டு நகல்கள். பதிவுத் தபால்.

அந்தக் கடிதத்துக்கு மட்டும் மின்னல் வேகத்தில் பலன் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமையே அளவு நாடாவுடன் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். தமிழர், நடுத்தர வயது, நல்ல மனிதர். சரோஜா வாழையிலை போட்டுச் சாப்பாடு பரிமாறினாள். அவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, திடலுக்குப் போய் அளந்தார். கோல் கோட்டுக்குப் பின்னால் விதிப்படி விட வேண்டிய இடைவெளியில் முனீஸ்வரர் உட்கார்ந்திருந்தார். கோலை முன்னே தள்ளினால் திடலின் நீளம் குறையும். கோயிலை நகர்த்த முடியுமா என்று அவர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள்.

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்தார்.

“ஏன் சார் எழுதிக் கேட்டீங்க? கேக்காம இருந்திருந்தா நான் ஏன் வரப்போறேன் லா?”

“முறைன்னு ஒண்ணு இருக்கே.”

“சரி. இடைவெளி போதுமானதுன்னு செயலாளர்ங்கிற முறையில ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் அத பைல்ல வெச்சிட்டுப் போயிடறேன். யாரு திரும்ப வந்து அளக்கப் போறா?”

கதிரேசன் தேநீர்க் கிளாஸோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் அதிகாரியிடம் சொன்னேன்: “போதாதே சார். இப்பதானே அளந்தீங்க.”

அதிகாரி நாடாவைப் பையில் போட்டார். பிறகு கதிரேசனைப் பார்த்து, “தே நல்லா இருக்கு அண்ணே” என்றார். (வருத்தம் தெரிவிக்க அவருக்குத் தெரிந்த வழி அது.)

கிளப்பின் சொந்தத் திடல் ஆட்டங்கள் அனைத்தும் கோலாலம்பூர்ப் பக்கம் செராஸில் ஒரு திடலுக்கு மாற்றப்பட்டன. முதல் ஆட்டத்தன்று அந்தச் செய்தி கடையில் வேலை பார்த்தவர்களுக்கு எட்டுவதற்குள் உளுந்து ஊறிவிட்டது. ஊறிய உளுந்து யாருக்கும் காத்திருக்காது. மலைபோல வடை குவிந்தது. ஊர் முழுவதும் இரண்டு லோரிகளில் ஏறி, கொடி பிடித்துக்கொண்டு, கடை வாசல் வழியாகவே செராஸுக்குப் போனது. பந்தலின் கீழே நானும் கதிரேசனும் மட்டும். எதிரே காலித் திடல். நான் வடை தின்றேன். வேறு என்ன உதவி செய்வது என்று தெரியவில்லை. அடுத்த சில நாள்கள் அந்த வீட்டில் காலை, மதியம், இரவு எல்லாம் வடகறிதான். கடைசியில் பிள்ளைகள் சாதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

சரோஜா என்னைத் திட்டவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: “நீ எழுதின லெட்டர்ல ஒரு தப்பும் இல்லையாம் அண்ணே. எல்லாரும் அதான் சொல்றாங்க.”

விதிகளில் இன்னொரு பிரிவு உண்டு: விலக்குக் கோரி மேல்முறையீடு செய்யலாம். செய்தேன். கோயில் கிளப்பை விட மூத்தது, பந்தாட்டத்துக்கு அது ஒருநாளும் இடைஞ்சல் செய்ததில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நினைவூட்டுக் கடிதம், அதற்கு ஒரு நினைவூட்டுக் கடிதம். சனிக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் கதிரேசன் கேட்பது ஒன்றுதான்: “பதில் வந்துச்சா மச்சான்?” குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. மழை வருமா என்று கேட்பது போல.

அந்தத் தைப்பூசத்துக்கு அவர் பத்துமலையில் காவடி எடுத்தார். அனுமதி கிடைத்தால் எடுப்பதாகத்தான் வேண்டுதல். கிடைக்கும் முன்பே எடுத்துவிட்டார். பலன் வருவதற்கு முன்னால் நேர்த்திக்கடன் செலுத்துவது முறையில்லையே என்று நான் சொன்னேன். ஆம், அந்த மனிதர் முதுகில் விபூதி காயாமல் நிற்கும்போது சொன்னேன்.

அவர் சிரித்தார். “பரவால்ல மச்சான். நீங்க முருகனுக்கு லெட்டர் கிட்டர் போட்டுடாதீங்க.”

செராஸ் திடல் வாசலில் யார் யாரோ கடை போட்டு நன்றாகச் சம்பாதித்ததாகக் கேள்வி. எங்கள் ஆள்கள் முதலில் லோரியில் போனார்கள், பிறகு சிலர் மட்டும் போனார்கள், பிறகு ஆட்டக்காரர்கள் மட்டும் போனார்கள். பருவம் முடியும்போது கிளப் கீழ் டிவிஷனுக்கே இறங்கிவிட்டது. மாரிமுத்துவின் இரண்டாவது நாற்காலியில் பூனை படுத்துக்கொண்டது. உயர்ந்த வாடகையைக் கொடுக்க முடியாமல் கதிரேசன் கடையை மூடினார். துறைமுகத்துக்கே திரும்பிப் போனார். அங்கே அவர் கிரேனில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். நாள்கூலிக்கு மூட்டை தூக்கினார். ஒரு காலத்தில் தான் மேலே உட்கார்ந்து இயக்கிய கிரேனின் நிழலில் நின்றுகொண்டு. அப்போதும் சனிக்கிழமை தவறாமல் அதே கேள்வி. கடையே இல்லாத போது எதற்கு இந்தக் கேள்வி என்று நான் கேட்டதில்லை. அவருக்குக் கடை வேண்டியிருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். யாராவது ஒருவர் வாய் திறந்து, முடியும் என்றோ முடியாது என்றோ சொன்னால் போதும் என்று இருந்திருக்கும்.

சில ஆண்டுகளில் திடல் கொள்கலன் அடுக்கும் இடமாகிவிட்டது. முனீஸ்வரரைத் துறைமுகக்காரர்களாலும் நகர்த்த முடியவில்லை. பெட்டிகளுக்கு நடுவே, விதி கேட்ட இடைவெளிக்கு மேலேயே இடம் விட்டு, இன்றும் இருக்கிறார்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி மட்டும் மிஞ்சியது. பஸ் தாமதமானால், அடுப்பில் சாதம் வேகாவிட்டால், பெண் கேட்டுப் போன இடத்திலிருந்து சேதி இல்லாவிட்டால், கதிரேசனின் பிள்ளைகள் அவர் குரலிலேயே கேட்பார்கள்: “பதில் வந்துச்சா மச்சான்?” யாராவது முக்கியமான காரியம் ஒன்றைத் தொடங்கினால், தாய்மாமன் என்ற மரியாதைக்குரிய எனக்கு அது கடைசியாகத்தான் தெரியவரும். மாமா லெட்டர் போட்டுடுவாரு என்று பயம்.

ஒருநாள் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கதிரேசன் எழுந்திருக்கவில்லை.

காரியத்துக்காக எல்லோரும் வீட்டில் கூடியிருந்தபோது தபால்காரர் வந்தார். லீக் அலுவலகத்திலிருந்து கிளப்பின் பழைய முகவரிக்கு வந்த உறை. ஊர்க்காரர் என்பதால் என்னைத் தேடி அங்கேயே கொண்டுவந்துவிட்டார். மேல்முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது என்றும், கோயிலை இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு திடலைப் பயன்படுத்த ஆட்சேபணை இல்லை என்றும் எழுதியிருந்தது. தாமதத்துக்கு ஒரு வரியில் வருத்தம். கையெழுத்து தெளிவாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரோஜா என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் அதை வாங்கி, மாலை போட்டிருந்த படத்தின் முன்னால், வடையும் பாயசமும் படைத்திருந்த இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இந்தாங்க,” என்றாள். “பதில் வந்துருச்சு.”

பெரிய பையன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம், அழுதுகொண்டே.

பிறகு நான் அந்தக் கடிதத்தை எடுத்து, பழக்கம் விடாமல், மேல் மூலையில் பெறப்பட்ட நாளை எழுதினேன்: கதிரேசனின் பதினாறாம் நாள்.