பதினாலாம் நம்பர் நாற்காலி

"மிஸஸ்... பெ... போ... சியான்?"

பல் மருத்துவக் கல்லூரியின் காத்திருப்பு அறையில் பட்டியலைப் பார்த்துத் திணறினாள் உதவியாளர் பெண். ஷூஷானிக் பொகோஸ்யான் சான்றிதழ் ஃபைலை அணைத்துக்கொண்டு சட்டென்று எழுந்தாள். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்த ஐந்து வருஷத்தில் அவள் பெயரை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. முதல் எழுத்தில் தடுக்கி, நடுவில் விழுந்து, கடைசியில் 'யான்' என்று ஒருவழியாக எழுந்து நின்றால், கூப்பிட்டது தன்னைத்தான் என்று வைத்துக்கொள்வாள். அந்த ஊரில் 'யான்' என்று முடிகிற ஆர்மீனியர்கள் தெருவுக்கு நாலு பேர் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"வாங்க வாங்க, லேட்டாகுது" என்று உதவியாளர் முன்னால் நடந்தாள்.

மணி ஒன்பது நாற்பது. நேர்முகம் பத்து மணிக்கு. சீக்கிரம் கூப்பிடுகிறார்கள், நல்ல சகுனம் என்று ஷூஷானிக் பின்னால் போனாள்.

ஆர்மீனியாவில் கியூம்ரி நகரத்தில் பதினாறு வருஷம் பல் டாக்டராக இருந்தவள் அவள். அமெரிக்காவில் அந்தப் படிப்பு செல்லாது. ஒரு சின்ன கிளினிக்கில், தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரான டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தவறான கருவியைக் கேட்டால் சரியானதைக் கொடுப்பாள். அவருக்கு அது தெரியாது. மறுபடி டாக்டராக வேண்டுமென்றால் இங்கே ஒரு கல்லூரியில் சேர வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களை நேராக மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. இந்தக் கல்லூரியில் அப்படிப் பன்னிரண்டு இடம். விண்ணப்பம் போட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். மூன்று வருஷமாகப் போட்டு, இந்த வருஷம்தான் முதல் தடவையாக நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. "இதுவும் இல்லன்னா விட்டுடறேன்" என்று புருஷன் வார்ட்கெஸிடம் சொல்லியிருந்தாள். அவன் அதை நம்பவில்லை. அவள் நம்பினாள்.

உதவியாளர் ஒரு நீண்ட கூடத்துக்குள் கூட்டிப்போனாள். தடுப்புக்குத் தடுப்பு பல் மருத்துவ நாற்காலிகள்; மாணவர்கள் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துப் பழகுகிற இடம். பதினாலாம் நம்பர் நாற்காலியைக் காட்டி, "படுங்க" என்றாள்.

"நான் அட்மிஷனுக்கு வந்தவ" என்றாள் ஷூஷானிக்.

"அதெல்லாம் ஆயிடுச்சும்மா. கம்ப்யூட்டர்ல போட்டாச்சு."

"போட்டாச்சா?"

"காலையிலேயே போட்டாச்சு. கோட்டைக் கழட்டிட்டுப் படுங்க."

சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா என்று முடிவு செய்வதற்குள் அவள் கழுத்தில் ஒரு காகிதத் துண்டு கட்டப்பட்டுவிட்டது.

ஷூஷானிக் பயப்படவில்லை. யோசித்தாள். வெளிநாட்டுப் பல் டாக்டர்களின் வாட்ஸப் குழுவில் அவள் கேள்விப்படாத கதை இல்லை. ஒரு கல்லூரியில் சோப்புக் கட்டியில் கடைவாய்ப்பல் செதுக்கச் சொன்னார்களாம். இன்னொன்றில் நேர்முகத்துக்கே வெள்ளைக் கோட்டோடு வரச் சொல்லி, கம்பி வளைக்க விட்டார்களாம். வேறொன்றில் வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்தே ஆளை விட்டு, எப்படிப் பேசுகிறாய், சிரிக்கிறாயா என்றெல்லாம் கவனித்தார்களாம். பல் டாக்டராக வருகிறவளின் பல்லை முதலில் பார்த்துவிடுவது அப்படியொன்றும் அநியாயமில்லை.

தடுப்புக்கு அந்தப்பக்கம் உதவியாளரின் குரல் கேட்டது.

"என்ன டாக்டர், இவ்வளவு நேரமா? பதினாலுல பேஷண்ட் காத்திருக்காங்க."

"இல்ல, நான் வந்து..." என்றது ஒரு ஆண் குரல்.

"காரணமெல்லாம் சாயங்காலம் சொல்லலாம். போங்க, போங்க."

உள்ளே வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. மாணவர்கள் எல்லாருக்கும் கோட்டில் பெயர் தைத்திருந்தது, இவருக்கு இல்லை. ஷூஷானிக்கைப் பார்த்து மிகவும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, முதல் டிராயரைத் திறந்தார். மூடினார். மூன்றாவதைத் திறந்தார். மூடினார்.

"கையுறையா? சுவத்துல மாட்டியிருக்கு, உங்க தலைக்குப் பின்னாடி" என்றாள் படுத்தபடியே.

"நன்றி மேடம்."

அடுத்து அவர் கணினி முன்னால் உட்கார்ந்தார். அது கடவுச்சொல் கேட்டது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் பேப்பர்லயே எழுதிக்கறேன்" என்றார்.

ஷூஷானிக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. இந்த வயதில் மாணவரா? கையுறை எங்கே என்று தெரியாதவர், வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிப்போனார். விரல் அவள் கன்னத்தை விலக்கிய விதத்தில் ஒரு பதற்றம் இல்லை, ஒரு அவசரம் இல்லை. இருபது வருஷம் வேலை செய்த கை அது. அவள் மாதிரி ஆளை அந்த விஷயத்தில் ஏமாற்ற முடியாது.

இவர் நிச்சயம் மாணவர் இல்லை. அப்படியானால் யார்?

யோசனை மூளையில் பளிச்சென்று எரிந்தது. பரீட்சை வைக்கிறவர்! மாணவர் மாதிரி நடிக்கிறார். நேர்முகம் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது!

உடனே ஒரு காரியம் செய்தாள். தான் யார் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது என்று, அவர் கண்ணாடியை வெளியே எடுத்த நேரம் பார்த்து, "டாக்டர், நானும் பல் டாக்டர்தான். பதினாறு வருஷ அனுபவம்" என்றாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. முதுகு நிமிர்ந்தது. முகத்தில் மெதுவாக ஒரு புரிதல் படர்ந்தது.

"புரியுது மேடம்" என்றார் தணிந்த குரலில். "நல்லாப் புரியுது."

அவ்வளவுதான். ஷூஷானிக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் போயிற்று.

அவர் ஈறுகளின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து, "மூணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாகச் சொல்லி எழுதினார். வாய் திறந்த நிலையிலேயே அவள் தலையை ஆட்டி ஆமோதித்தாள். கீழ் வரிசையில், இடது பக்கக் கடைவாய்ப்பல்லில் வந்து நின்றார்.

"இந்த ஃபில்லிங் ரொம்பப் பழசு. ஓரத்துல விரிசல் விட்டிருக்கு."

"ஆமா. என் கிளாஸ்மேட் போட்டது. கரண்ட் இல்லாத நாள்ல."

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க மேடம்?"

ஆஹா, கேள்வி வந்துவிட்டது! எடுத்த எடுப்பில் பதில் சொல்லக்கூடாது. "முதல்ல நீங்க என்ன நினைக்கறீங்கன்னு சொல்லுங்க டாக்டர்."

அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. "முதல்ல எக்ஸ்ரே. அடியில சொத்தை எவ்வளவு ஆழம்னு பார்க்கணும்."

"ரொம்பச் சரி. நரம்புக்கு எவ்வளவு தூரம்னும் பார்க்கணும்."

"கண்டிப்பா. மீதிச் சுவர் தாங்குமான்னும் பார்க்கணும்."

"தாங்கலன்னா கேப் போடணும்."

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன் மேடம்."

இப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் மிஞ்சிக்கொண்டே போனார்கள். ஒரு பல்லைப் பற்றி அவ்வளவு பேசலாம் என்று அந்தப் பல்லுக்கே தெரிந்திருக்காது.

கைப்பையில் போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். எடுத்தால் கவனம் சிதறுகிறவள் என்று எழுதிவிடுவார் என்று அமுக்கினாள். மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கினாள். அவர் பாக்கெட்டிலும் போன் அதிர்ந்தது. அவரும் எடுக்காமல் அமுக்கினார். என்ன கட்டுப்பாடு என்று ஷூஷானிக் மனசுக்குள் மெச்சினாள்.

உதவியாளர் எக்ஸ்ரே கருவியைத் தயார் பண்ணிக்கொண்டிருந்த இடைவேளையில் வார்ட்கெஸ் கூப்பிட்டான். அவனை மட்டும் எடுத்தாள்.

"என்னாச்சு? உள்ள கூப்பிட்டாங்களா?"

"நடந்துக்கிட்டு இருக்கு" என்று கிசுகிசுத்தாள்.

"நல்லாப் பேசறியா?"

"எங்க பேசறது? வாயைத் தொறந்து வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"ஷூஷானிக், நீ இப்ப எங்க இருக்கே?"

"அப்புறம் சொல்றேன். ஆள் பாக்கறாரு. வையி."

பத்து மணி ஐம்பது இருக்கும். உயரமான, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள் ஒருத்தி தடுப்புக்குள் எட்டிப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் டாக்டர் ப்ரெஸ்காட் என்று இருந்தது.

"இன்னிக்கு எனக்கு இந்தப் பக்கம் வேலையே இல்ல. ஒரு ரூம்ல உக்காந்து காத்திருந்து காத்திருந்து போரடிச்சுப் போச்சு, ஒரு சுத்து வந்தேன்" என்றாள். "என்ன கேஸ்?"

நரைத்தவர் சட்டென்று எழுந்து நின்றார். வயது, பல், விரிசல், ஆழம், சிகிச்சை என்று மடமடவென்று சொன்னார். விட்டுப்போன ஒரே விஷயத்தை நாற்காலியில் படுத்திருந்தபடி ஷூஷானிக் சொன்னாள். டாக்டர் ப்ரெஸ்காட் எக்ஸ்ரேயைப் பார்த்தாள், காகிதத்தில் எழுதியதைப் பார்த்தாள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவு சுத்தமா எழுதின கேஸ் ஷீட்டை நான் இந்த வருஷம் பார்க்கல. நீங்க எந்த வருஷம்?"

"மூணாவது வருஷத்துக்கு மேடம்" என்றார் அவர்.

"பேஷண்டும் அபாரம். இவ்வளவு தெரிஞ்ச பேஷண்டை நான் பார்த்ததே இல்ல. சரி, எதுக்குத் தள்ளிப்போடணும்? இன்னிக்கே பழசை எடுத்துடுங்க. நான் நின்னு பார்க்கறேன்."

நேர்முகத்துக்கு வந்தவளின் பல்லைத் தோண்டுவதா? எந்த வாட்ஸப் கதையிலும் இது இல்லை. ஆனால் மூன்று வருஷம்! ஆயிரம் பேர்! பல் முப்பத்திரண்டு இருக்கிறது, இடம் பன்னிரண்டுதான்.

"எனக்குச் சம்மதம்" என்றாள் கணீரென்று.

நரைத்தவரின் முகம் வெளுத்தது. ஆனாலும், "எனக்கும்" என்றார்.

தட்டில் மரத்துப்போகச் செய்கிற ஊசி வந்தது. அதைக் கையில் எடுத்தார். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மேடம், நிறுத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. உங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியது இல்லையே?" என்று கேட்டார்.

"இல்ல. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாராவது ஒருத்தர், 'போதும், தேறிட்டீங்க' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. யாரும் சொல்லவில்லை. ஷூஷானிக் கண்ணை இறுக்க மூடி, வாயை அகலத் திறந்தாள்.

சரக்கென்று யாரோ திரையை விலக்கினார்கள். அட்மிஷன் அலுவலகத்துப் பெண் மூச்சு வாங்க நின்றிருந்தாள். கையில் ஒரு தாள். அதில் ஒட்டியிருந்த இரண்டு போட்டோக்களையும் பார்த்தாள். நாற்காலியில் கிடந்தவளைப் பார்த்தாள். ஊசியோடு நின்றவரைப் பார்த்தாள். கடைசியில் டாக்டர் ப்ரெஸ்காட்டைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு! பத்து மணி நேர்முகத்துக்கு வர வேண்டிய ரெண்டு டாக்டரும், அதை நடத்த வேண்டிய நீங்களும், மூணு பேரும் இங்க சேர்ந்து என்ன பண்றீங்க?"