ஒரே டிரைவரின் லீவு நாள்

கக்கூஸ் போவதற்கும் உத்தரவு கேட்ட அரசு ஊழியர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் சிங்கிள்.

ஆரணிப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையம். ஊர்ப் பேர் வேண்டாம். நான் அங்கே ஃபயர்மேன். வண்டிக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும். ஒருவர் மாற்றலாகிப் போனார், அந்த இடத்துக்கு ஆள் வரவேயில்லை. எங்களுக்கோ ஸ்டியரிங்கைத் தொட அனுமதி கிடையாது. மிச்சமிருந்த ஒற்றை டிரைவருக்கு நாங்கள் வைத்த பேர்தான் சிங்கிள். மூன்று பிள்ளை பெற்ற மனுஷர்.

சிங்கிள் வண்டியை விட்டு இருபதடி தாண்டமாட்டார். முடிவெட்டுகிறவர் ஸ்டேஷனுக்கே வந்து டிரைவர் சீட்டில் வைத்தே வெட்டுவார். ஒருமுறை பாதி வெட்டிய தலையோடு, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கப் போனார். மாடு கிணற்றைவிட அவரைப் பார்த்துத்தான் அதிகம் மிரண்டது.

மூத்த மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேலூரில் மண்டபம் கேட்டார்கள். சிங்கிள் பிடித்ததோ ஸ்டேஷனுக்கு எதிரே, பாதி ஃபேன் ஓடாத மண்டபம். லீவு மனு மூன்று முறை திரும்பி வந்து, நான்காவது முறை ஒரு நாள் கிடைத்தது. அன்றைக்கு வெளியூரிலிருந்து மாற்று டிரைவர் வருவார் என்றார்கள்.

வரவில்லை. முகூர்த்தத்துக்குக் கால் மணி இருக்கும்போது ஸ்டேஷனுக்குத் தீ என்று போன் வந்தது. மண்டபத்துக்கு ஓடினேன். யூனிஃபார்மோடு வாசலில் நின்றேன். மேடையிலிருந்து அவரே இறங்கி வந்தார்.

"எங்கடா?"

"முள்ளிப்பட்டுண்ணா. தறி போட்ட வீடு."

"உள்ள ஆளுங்க கீறாங்களா?"

"தெரிலண்ணா."

மச்சானைப் பார்த்து, "நீயே நின்னு தாரை வாத்துக் குடுத்துடு," என்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி வண்டியில் ஏறினார்.

ஆட்கள் தப்பியிருந்தார்கள். ஒரு தறி, பாதி நெய்த சேலையோடு எரிந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் சிங்கிளைப் பார்த்துக் கத்தினார்: "ஊடு எரிஞ்சிகினு கீது, நீ மாப்ள மாதிரி வந்துகினு கீறியே." சிங்கிள் பம்பைப் பார்த்துக்கொண்டார். யாரோ செல்போனில் படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினார்கள்.

திரும்பியபோது மண்டபத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு அரைமணி பொறுத்திருக்கக் கூடாதாங்க?" என்றார் சம்பந்தி.

"நான் பொறுத்துப்பேங்க. நெருப்பு பொறுக்காதே."

மகள் வந்து, கூறைச் சேலை முந்தானையால் அவர் முகத்துக் கரியைத் துடைத்தாள். போட்டோக்காரரிடம், "இப்ப எடுங்கண்ணா," என்றாள். அதுவரை ஒரு போட்டோவும் எடுக்க விடவில்லையாம்.

அடுத்த வாரம் மெமோ வந்தது. சீருடையின்றிப் பணியாற்றியது ஏன்? சிங்கிள் ஒரே வரி எழுதினார்: 'ஐயா, அன்று நான் விடுப்பில் இருந்தேன்.' உடனே இரண்டாவது மெமோ. விடுப்பில் இருந்தவர் அரசு வாகனத்தை ஓட்டியது ஏன்? அதற்கு அவர் பதில் எழுதவில்லை. இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். வராத டிரைவரைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை.

அவர் ரிட்டயர் ஆன பிறகு புது டிரைவர் வந்தார். ஒருவர்தான்.

போன மாதம் கண்ணமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தார்.

"புதுசா வந்தவன் ஊட்டுக்குப் போய் சாப்பிட்றானா?"

"இல்லண்ணா."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். ஆரணி பஸ் இரண்டு வந்தன. கூட்டமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லி இரண்டையும் விட்டேன். இரண்டிலும் உட்கார இடமிருந்தது.