மீனுக்கும் கொத்சுக்கும் நடுவே ஒரு குளியல்

போன மாதம் நடந்தவை, வரிசைப்படி:

1. சிதம்பரம் டாட்காம் மாமாவின் நான்கு இணையதளங்களையும் தாங்கி நின்ற நிறுவனம், மாதக் கடைசியில் கடையை மூடுவதாகச் சொன்னது.
2. இணையதளம் அமைப்பதே என் தொழில் என்பதால், நான்கையும் ஒரே தளமாக்கிக் காப்பாற்றித் தருகிறேன் என்றேன்.
3. மாமா சம்மதித்தார்.
4. டீ ஆறுவதற்குள் போன் செய்து மறுத்தார்.
5. காரணம், மீன்.

உலகத்தில் இணையதளத்தைத் தொட்டுவிட்டுக் குளிக்கப் போகும் ஒரே மனிதர் மாமாதான். எனக்குச் சொந்தமில்லை, அவர் தெருவுக்கே மாமா. மனதில் எது பட்டாலும் அதற்கொரு தளம் தொடங்கிவிடுவார். சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சுக்கு ஒன்று, பண்ருட்டிப் பலாவுக்கு ஒன்று, புவனகிரி பஸ் நேரத்துக்கு ஒன்று. நான்காவது, தேவனாம்பட்டினம் மீன் விலை.

மாமா முட்டைகூடச் சாப்பிடாதவர். மீன் விற்கும் குப்பு அக்கா காலையில் போனில் விலை சொல்ல, மாமா ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டுவார். அடுத்து குளியல். அதற்கப்புறம்தான் கொத்சு தளம். ஆனால் கூட்டமெல்லாம் மீன் தளத்தில்தான். கடலூரில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுப்பார்கள்.

"கொத்சு பக்கத்துல வஞ்சிரமா? நாத்தம் அடிக்கும்மா!"

"ஸ்கிரீன்ல எப்படி மாமா நாத்தம் வரும்?"

"எனக்கு வருதே!"

"அப்போ மீனை வுட்டுடலாமா?"

குப்பு அக்காவையும் அதே அழைப்பில் சேர்த்தேன்.

"இன்னா மாமா, உங்க சைட்டைப் பாத்துதான் சனம் என் கூடையைத் தேடி வருது. மூடிட்டா நான் எங்க போறது? வேணும்னா மீனுக்கும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி அனுப்பறேன்!"

மாமா சிரித்த சிரிப்பில் என் போன் அதிர்ந்தது. "சேத்துடும்மா. ஆனா நான் குளிக்கத்தான் செய்வேன்."

சேர்த்துவிட்டேன். பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். நான்கும் புதுத் தளத்தில் வந்து நின்றன. அன்றைய சங்கரா மீன் விலைகூடத் தொலையவில்லை. அப்பாடா!

யாரும் கேட்காமல் ஒன்று மட்டும் செய்தேன். மீன் விலையைப் பதிந்ததும் தளம் மாமாவை வெளியே அனுப்பிவிடும்; அரைமணி கழித்துத்தான் மறுபடி உள்ளே விடும். மனிதர் நிதானமாகக் குளிக்க வேண்டாமா?

இன்றைய நிலை: தளம் ஒன்று. பழைய முகவரிகள் நான்கும் வேலை செய்கின்றன. மாமா குளித்துக்கொண்டிருக்கிறார்.