எனக்கு இதெல்லாம் பிடிக்காது என்பவர்

பல்கலைக்கழகங்களில் ஓர் இனம் உண்டு. வாசகரே, நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க அவர் விடமாட்டார். அவர்தான் பாராட்டு விழாப் பேராசிரியர். விருது அவரைத் தேடி வரும். வரச் சுணங்கினால், எங்கே நிற்கிறது என்று நாலு பேரிடம் விசாரித்து, வழி சொல்லி, அவரே வீடுவரை கூட்டி வருவார். வந்ததும் ஒரே வசனம்தான்.

"எனக்கு இதெல்லாம் பிடிக்காது. பிள்ளைங்கதான் விட மாட்டேங்குறாங்க."

எங்கள் மாத்தளைப் பக்கத்து விஞ்ஞான பீடத்தில் இந்த இனத்தின் அசல் மாதிரி தாவரவியல் பேராசிரியர் ரபாயேல். நல்ல மனுசன், யாரையும் கடிந்து பேசத் தெரியாது. ஆனால் அவருடைய அறைக்குப் போனால் உட்கார இடமிருக்காது. கதிரைகளில் எல்லாம் நினைவுச் சின்னங்கள் உட்கார்ந்திருக்கும். பொன்னாடையோடு ஒருவர் எழுந்தாலே இவர் தோள் தானாகச் சரிந்து கொடுக்கும்; மாலை என்றால் மூக்குக்கண்ணாடி முன்கூட்டியே கைக்கு வந்துவிடும்; படம் பிடிப்பவர் எந்த மூலையில் நிற்கிறார் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரியும். லேசான வேலையா இது?

இந்த வருடம் மிளகுக் கொடியின் வாடல் நோயை ஆராய்ந்ததற்காக அவருக்குச் சிறந்த ஆய்வாளர் விருது கிடைத்தது. பீடத்தில் பாராட்டு விழா என்று பலாபத்வல சந்தியில் பதாகை ஏறியது. அதில் அவர் பெரிதாக இருந்தார், மிளகுக் கொடி சின்னதாக இருந்தது, நோயைக் காணவில்லை.

நோயோ ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. எல்கடுவ தோட்டத்திலிருந்து வந்து படிக்கும் இறுதி வருட மாணவி மதுஷிகா, உக்குவளைப் பக்கத்து மிளகுக் காணிகளில் மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, அழுகிய வேர்களைப் பொறுக்கி வந்து, அவற்றிலிருந்த பங்கசை, அதாவது நோய்ப் பூஞ்சணத்தை, மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து வைத்திருந்தாள். அவளுடைய பட்டமே அந்தத் தட்டுகளில்தான் இருந்தது.

விழாச் செயலாளர் ஷிஹாம், பௌதிகவியல் விரிவுரையாளர். எந்தக் குழு போட்டாலும் அவர்தான் செயலாளர். மிளகுக் கொடி படர்ந்த மாதிரி பச்சை ஐசிங் போட்ட அடுக்குக் கேக் ஒன்றை விழாவன்று காலையிலேயே கொண்டுவந்து இறக்கினார். வெயிலுக்கு ஐசிங் இளகியது. ஓடிப்போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், உள்ளே பூஞ்சணம் பிடித்த ஏதோ தட்டுகள். அவற்றைப் பக்குவமாக எடுத்து ஜன்னல் விளிம்பில் அடுக்கிவிட்டு, கேக்கை உள்ளே வைத்தார்.

பாராட்டுரைகள் முடிந்து பேராசிரியர் எழுந்தார். தனக்கு இதெல்லாம் பிடிக்காது என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். பேச்சு சூடேறி, என் ஆய்வை நேரிலேயே காட்டுகிறேன் வாருங்கள் என்று பீடாதிபதி முதல் விருந்தினர் வரை எல்லாரையும் ஆய்வுகூடத்துக்கு இழுத்துப்போய்ப் பெட்டியைத் திறந்தார். கேக் இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

மதுஷிகா மட்டும் ஜன்னலைப் பார்த்தாள். காலையிலிருந்து வெயிலில் வெந்த தட்டுகளில் எதுவும் உயிரோடு இல்லை. அவள் பார்வை போன திசையில் பார்த்த பிறகுதான் பேராசிரியருக்கு விளங்கியது. மனுசனுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே? தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார்.

"பொன்னாடை வேணாங்க சேர்," என்றாள் அவள். "திரும்ப வளர்க்க நாள் வேணும்."

அவர் அங்கேயே பீடாதிபதியிடம் திரும்பி, பிள்ளைக்குத் தவணை நீட்டித் தாருங்கள் என்று கேட்டார். பீடாதிபதியும் தலையசைத்தார். பிறகு பேராசிரியரே அவளோடு மிளகுக் காணிக்குப் போய், சேற்றில் முழங்காலிட்டு வேர் தோண்டினார். இதைக் கேலி செய்ய எனக்கே வாய் வரவில்லை. ஆனால் சேற்றுக் கையோடு அவர் நிற்கும் படம் அன்று பின்னேரமே முகநூலில் வந்ததே, நான் என்ன செய்ய?

மதுஷிகா சிறப்பாகவே பட்டம் எடுத்தாள். தோட்டத்து லய வீடுகளின் மக்கள் சேர்ந்து எல்கடுவயில் அவளுக்கு விழா வைத்தார்கள். நானும் போயிருந்தேன்.

"எனக்கு இதெல்லாம் பிடிக்காதுங்க," என்று தொடங்கினாள். "நம்ம லயத்து ஆளுங்கதான் விடல."

பொன்னாடை நெருங்கியபோது அவள் தோள் தானாகச் சரிந்தது. ஒட்டிக்கொள்ளும் நோய்தான், வேறென்ன.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. சிரியுங்கள். போன தடவை மேடையிலிருந்து உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது, இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று கதிரையிலேயே உட்கார்ந்திருந்தவர் யார்?