கியரில்தானே நிறுத்தினேன்

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மணி பன்னிரண்டேகால். உங்கள் மருமகள் இப்போதுதான் கண்ணசந்தாள். உங்கள் மாப்பிள்ளை அவளுக்கு முன்பே. நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன்.

உங்கள் பழைய குட்டி டிராக்டரை எங்கள் தோட்டத்துக்கென்று என்றைக்கு அனுப்பிவைத்தீர்களோ அன்றே இந்த வீட்டின் நிம்மதி போயிற்று. வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுதாக மிதித்து, வேலைக்கேற்ற கியரைப் போட்டு, கடைசிவரை அதே கியரில் ஓட்டவேண்டும் என்று கூடவந்த புத்தகத்தில் படம்போட்டே சொல்லியிருக்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். "ஏன், உங்க காலேஜ்ல டிராக்டர் ஓடுச்சா?" என்றார். பத்து வருடம் கார் ஓட்டியவர் அல்லவா, ஓடுகிற வண்டியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றுவார், அது கரகரவென்று பல்லைக் கடிக்கும். இப்போது சமையலறையில் மிக்ஸியைப் போட்டால்கூட குழந்தை "அப்பா, அப்பா" என்று கைதட்டுகிறாள். பெற்ற தகப்பனுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்.

இன்று மாலை வண்டியைக் கொட்டகைச் சரிவில் நிறுத்திவிட்டுக் கைகழுவப் போனார். நான் பத்தடி கீழே பாயை விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் ஒரு கல்லையும் வைத்து, குழந்தையை உட்காரவைக்கப் போனால் கவுன் நனைந்திருந்தது. மாற்றுத்துணி எடுக்க அவளோடு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்க்கிறேன், டிராக்டர் ஆளில்லாமல், சத்தமில்லாமல், விருந்தாளி மாதிரி இறங்கி வருகிறது. பாய்மேல் ஏறி, துணிக்கொடியை அறுத்து, தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றது. கொடியில் காய்ந்த அவளுடைய மஞ்சள் கவுன் முகப்பில் தொங்கியது.

இவர் ஓடிவந்து சொன்ன முதல் வார்த்தை, "கியர்லதானே நிறுத்தினேன்." நீளமான லீவர் முதல் கியரில் இருந்தது உண்மைதான். வேகத்துக்கும் மெதுவுக்குமான குட்டை லீவர் நடுவில் நின்றது. அது நடுவில் நின்றால் நீள லீவர் எந்தக் கியரில் இருந்தும் பிரயோசனமில்லை, சக்கரம் தன்போக்கில் உருளும். இதுவும் புத்தகத்தில் இருக்கிறது. கை பிரேக்கை ஏன் போடவில்லை என்று கேட்டால், "கியர்ல போட்டா போதும், பிரேக் எதுக்குன்னு உங்க அண்ணன்தான் சொன்னாரு" என்கிறார். ஆக, நீங்களும் தப்பவில்லை.

ஒரு மணிநேரம் பேசினேன். அவர் துணிகளைப் பொறுக்கி, அலசி, புதுக்கொடி கட்டி உலர்த்தினார். படுக்கும்போது, "உங்க அண்ணனை வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு, இனி அதுல ஏறமாட்டேன்" என்றார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உங்கள் சொத்தை எடுத்துச் செல்லவும். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகள் நூறாண்டு இருக்கட்டும், எந்த வண்டியும் அவர்கள் பாய்ப்பக்கம் வராமல்.

அன்புத் தங்கை

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் உறைக்கிறது, பாய் பறக்காமல் வைத்தேனே ஒரு கல், அதை டிராக்டர் சக்கரத்தடியிலிருந்துதான் எடுத்தேன். அவர் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். துணி பொறுக்கும்போது அந்தக் கல்லைக் கண்டு, ஒன்றும் பேசாமல் கொண்டுபோய் மறுபடி சக்கரத்துக்கு வைத்தார். நான் அப்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். குட்டை லீவரை நடுவில் விட்டது அவர்தான், அதில் மாற்றமில்லை. ஆனாலும் வண்டியை எடுத்துப்போக வரவேண்டாம். எங்கள் இரண்டுபேருக்கும் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க வாருங்கள். கல்லை எடுத்தது நான்தான் என்று எப்படி அவரிடம் சொல்வது? சீக்கிரம் பதில் போடுங்கள்.