கிளிப் அண்ணையின் இடப்பக்கக் கதவு

டோர்ட்மண்டில் கார் வைத்திருக்கும் தமிழர் எத்தனையோ பேர். கார்க் கதவுக்காகவே உயிர் வாழ்ந்தவர் கிளிப் அண்ணை ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கட்டடத்துத் தபால் பெட்டியில் மட்டும் இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

கார்க் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகையை இரும்போடு பிடித்து வைத்திருப்பவை சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிளிப்புகள். பலகையைக் கழற்றும்போது பாதியாவது உடையும். அதனால் அண்ணையின் சட்டைப் பை, கோட்டுப் பை, வேட்டி மடிப்பு எல்லாவற்றிலும் கிளிப் இருக்கும். கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தால் அவர் கிடந்த இடத்தில் நாலைந்து கிடக்கும். ஐயர் அவற்றைப் பொறுக்கித் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

ஒருமுறை ஒரு செத்தவீட்டு வாசலில், அழுதுகொண்டே காரைவிட்டு இறங்கிய ஒருவர் கதவை அடித்துச் சாத்தினார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, அண்ணை மட்டும் நிமிர்ந்தார்.

"பின் வலக்கதவு. ரெண்டு கிளிப் இல்லை," என்று என் காதுக்குள் சொன்னார். "இப்ப சொல்லக் கூடாது பிள்ளை. அந்தியேட்டி முடியட்டும்."

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் வைத்து, சொன்னபடியே அந்தக் கார்க்காரரிடம் சொன்னார். கையோடு இரண்டு கிளிப்பும் கொடுத்தார்.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஜெர்மன் கார். கதவுப் பலகைகள் ஈரத்தில் ஊறி, தொட்டால் அப்பளமாக நொறுங்கின. வாங்கிய அன்றே நாலையும் கழற்றி எறிந்தார். "ஒரு கிழமையிலை புதுசு போடுறன்" என்றார்.

அந்தக் கிழமையே பெறாமகளின், அண்ணையின் தம்பி மகளின், கலியாணம் வந்துவிட்டது. அவருடைய மனைவி மனோ அக்கா தன் கூறைச்சேலையை உடுத்திக்கொண்டு காரில் ஏறினார். வெறும் இரும்புக் கதவின் விளிம்பு சேலைத் தலைப்பைக் கவ்விக் கிழித்தது. கிறீஸ் மிச்சத்தைக் கவனித்துக்கொண்டது. அண்ணை ஒரு மூலையில் வெட்டித் திருப்பியபோது, பிடிக்க ஒன்றுமில்லாமல் அக்கா அவர்மேலேயே போய் விழுந்தார். மண்டபத்து வாசலில் இறங்கியவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அண்ணை தப்பியிருப்பார்.

"கதவுக்குப் பலகையும், நான் பிடிக்க ஒரு பிடியும் வராமல் இந்தக் காரிலை நான் ஏறமாட்டன்."

அன்றிலிருந்து அக்காவுக்குப் பஸ்தான். கலியாணமோ பிறந்தநாளோ, அக்கா பஸ்ஸில் போவார். அண்ணை அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் காரில் போவார். பஸ் நிற்கும் இடமெல்லாம் இவரும் நிற்பார். பின்னால் வருகிற ஜெர்மன்காரர் ஹோர்ன் அடித்தே களைத்துப்போவார்கள்.

அடுத்த கராஜ் என்னுடையது என்பதால் என் சனிக்கிழமைகள் அழிந்தன. "பிள்ளை, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்பார். அந்தக் கொஞ்சம் இருட்டும்வரை நீளும்.

"அண்ணை, இதெல்லாம் ரெடியா விக்கிறாங்களாம். வாங்கிப் பூட்டலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது மற்றவையின்ரை மனுசிமாருக்கு" என்றார்.

அவரே செய்த முதல் பலகைக்குள் வைத்த பஞ்சு கூடிப்போய்க் கதவு சாத்தவில்லை. இரண்டாவது சாத்தியது, ஆனால் திறக்கவில்லை. உள்ளே இருந்தது அண்ணை. நான் வெளியிலிருந்து திறந்துவிட்டபோது வெட்கமே இல்லாமல், "சாத்துறது சரிவந்திட்டுது, கண்டனீங்களே" என்றார். மூன்றாவதில் கண்ணாடி இறங்கவில்லை. மனுசன் அசரவில்லை. கழற்றினார், கிளிப் உடைத்தார், மறுபடி பூட்டினார்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் வந்து, கராஜில் ரிப்பேர் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் பேசினார். அண்ணை எழும்பி நின்று மிக மரியாதையான ஜெர்மனில், "நான் ரிப்பேர் செய்யவில்லை ஐயா, காருக்கு உடுப்பு மாற்றுகிறேன்" என்றார். அந்தாளிடம் அதற்குச் சட்டம் இருக்கவில்லை.

பனி வந்தது. குளிரில், பலகைக்குப் போர்த்தும் றெக்சின் சீலை விறைத்து, மூலைகளில் மடிய மறுத்தது. அண்ணை அதை மேலே கொண்டுபோய்ப் புட்டுப் பானையின் ஆவியில் பிடித்தார். வெண்ணெய் மாதிரி இளகி, சுருக்கமே இல்லாமல் ஒட்டியது. அந்தச் சந்தோசத்தில் அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். புட்டு புதுச் செருப்புக் கடை போல மணந்தது. மனோ அக்கா ஒரு பிடியை வாயில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார்.

"பலகை முடியுமட்டும் இந்த வீட்டிலை பாண்தான்."

புட்டு இல்லாமல் பொழுது விடியாத மனுசன் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேக்கரிப் பாணைத் தின்றார்.

கடைசியில் கோயில் தேர்த் திருவிழாவன்று காலைதான் வேலை முடிந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், அழகு. கடும் சிவப்பு றெக்சின், நேரான தையல், அக்காவுக்கென்றே தோல் சுற்றிய ஒரு கைப்பிடி. அக்கா அதே கூறையை, கிழிசலும் கறையும் தெரியாமல் உள்ளே மடித்து உடுத்திக்கொண்டு இறங்கி வந்தார். அண்ணை வலப்பக்கம் போய்க் கதவைத் திறந்துவிட்டார். அக்கா குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, பிடி எங்கை?"

பிடி அங்கே இல்லை. அந்தப் பக்கம், ஓட்டுபவரின் கதவில் இருந்தது.

ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே வாடகைக்கு ஹயர் கார் ஓட்டிய காலத்தில் அண்ணை வலப்பக்கம் இருந்தார், அக்கா இடப்பக்கம் இருந்தார். ஜெர்மனியில் இத்தனை வருடம் இடப்பக்கம் இருந்து ஓட்டிய பிறகும், சமையலறை மேசையில் பலகையை வைத்தபோது கை பழைய கணக்கில் துளை போட்டிருக்கிறது. வேலை மும்முரத்தில் பக்கத்தில் நின்ற நானும் கவனிக்கவில்லை.

"கலியாணத்திலையும் மனுசி இடப்பக்கம்தானே..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, "நில்லும், கழட்டி மாத்திறன்" என்றார்.

"துளையெல்லாம் மாறிப் போகும் அண்ணை. இண்டைக்கு ஏலாது," என்றேன்.

அப்படியே கராஜ் வாசல் படியில் குந்திவிட்டார். எத்தனை பலகை பிழையாகியும் தளராத மனுசன் அப்படி இருந்ததை அன்றுதான் கண்டேன்.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். பிறகு காரைச் சுற்றிப் போய் இடக்கதவைத் திறந்து, பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். பிடி அவருடைய கைக்கு அளவாக இருந்தது.

"எனக்குச் செய்த பிடி இருக்கிற இடத்திலைதான் நான் இருப்பன். திறப்பைத் தாங்கோ."

அந்தக் காரின் சாவியை அண்ணை யாரிடமும் கொடுத்ததில்லை. வயது போனவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைக்கென்று கொடுத்த காரைத் தினமும் ஓட்டும் மனைவியிடமும் கொடுத்ததில்லை. எழும்பிப் போய்க் கொடுத்தார். வலப்பக்கம் ஏறி, இரண்டு கையாலும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். முதல் மூலையில் அக்கா வெட்டித் திருப்ப, அண்ணை போய் அவர் தோளில் சாய்ந்தார்.

"பிடிக்க ஒண்டும் இல்லையோ?" என்றார் அக்கா, சிரிக்காமல்.

அதன்பிறகு அந்தக் காரை அக்காதான் ஓட்டினார். அடுத்த தேருக்கும் மூவரும் அப்படியே போனோம். இறங்கும்போது கேட்டேன்.

"ஏன் அண்ணை, அந்தப் பிடியை மற்றப் பக்கம் மாத்தேல்லை?"

"ஏலாது பிள்ளை. கழட்டினால் கிளிப் உடைஞ்சிடும்."

அவருடைய கோட்டுப் பை புதுக் கிளிப்புகளால் புடைத்துக்கொண்டிருந்தது. அந்த மனுசன்மேல் எனக்கு எவ்வளவு அன்பு என்று அப்போதுதான் தெரிந்தது. பின்கதவைச் சத்தம் வராமல் மெதுவாகச் சாத்தினேன்.