ஹொக்கைடோவில் இருக்கிறோம்

ஜப்பானிலேயே தலைசிறந்த பயணக் குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பம் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஊருக்கெல்லாம் அறிவிக்கப்பட்டிருந்த வேளையில், தகாமட்சுவில் எங்கள் வீட்டு வாசல் பூட்டுக்குள் யாரோ சாவியை நுழைத்தார்கள். அப்பா, அம்மா, நான் மூவரும் மெத்தைகளை மடித்து வைக்கும் பெரிய அலமாரிக்குள் பாய்ந்தோம். அப்பா கதவை இழுத்துச் சாத்தினார். என் முழங்காலுக்கு அடியில் ஒரு பெட்டி பிஸ்கட் நொறுங்கியது.

"மூச்சு விடாத மிசுசு," என்று அப்பா காதோரம் சொன்னார். "நாம இங்க இல்ல."

தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வெளியே தெரிந்தால் நான் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது. ஆனால் என் பெரிய பயம் அதுவல்ல. பெரிய பயம் அம்மா. கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் புரியும்.

ரயிலேறி ஒரு ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களையெல்லாம் பயணிகள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. என் அப்பா நகோஷி தமோட்சு அந்த மாதிரிச் சில்லறை ஆள் அல்ல. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் "பயணத் திட்டக் குழு" கூடும். அப்பா தலைவர், நான் செயலாளர், அம்மா தேநீர். எந்த நிலையத்தில் எந்தப் பெட்டியில் இறங்கினால் படிக்கட்டு பக்கம், எந்த நிலையத்துச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் இறால் பெரிது, எந்த விடுதியின் எந்த ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும் என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். ஊரில் யார் கிளம்பினாலும் அவரிடம் வந்து வழி கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

எங்கள் பயணங்களில் ஒருமுறைகூடப் பெட்டி தொலைந்ததில்லை. வயிறு கெட்டதில்லை. மழை பிடித்ததில்லை. இந்தச் சாதனையின் ரகசியம் எளிமையானது: நாங்கள் எங்கும் போனதில்லை. ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் திட்டத்தில் ஏதோ ஒரு சிறு குறை எட்டிப் பார்க்கும். குறையுள்ள பயணத்தில் காலெடுத்து வைக்க அப்பாவின் மனசாட்சி இடம் கொடுக்காது. அப்பா அம்மாவின் தேனிலவு இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது. எனக்குப் பதினைந்து வயது.

ஹொக்கைடோ திட்டம் நிறைவேற்றப்பட்ட கூட்டத்தில் அம்மா தேநீர்க் கெண்டியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இந்தத் தடவையும் போகலைன்னா நான் பாட்டுக்குக் கிளம்பிப் போயிடுவேன்."

அப்பா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "தனியாவா? அப்ப தனி அறையா பாக்கணும். வசந்த விடுமுறையில கிடைக்கறது கஷ்டமாச்சே."

நான் வழக்கம்போல "ஆட்சேபனை இல்லை" என்று எழுதிக்கொண்டேன். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அம்மாவின் பை தயாராக அலமாரி ஓரத்தில் நின்றது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ரயில்வேயின் புதிய கால அட்டவணை வந்தது. நாங்கள் வண்டி மாற வேண்டிய இடத்தில், ஏற வேண்டிய வண்டி கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது. நாங்கள் இறங்கும்போது அது போயிருக்கும்.

"இணைப்பு அறுந்துபோச்சு," என்றார் அப்பா, ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் சொல்வதுபோல.

"அடுத்த வண்டியில போகலாம்," என்றாள் அம்மா.

"அடுத்த வண்டியா? அது பயணமில்ல, அலைச்சல்."

போகவில்லை என்று வெளியே சொல்லவும் வழியில்லை. அலுவலகத்தில் அப்பாவின் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் சங்கடப்படுவார்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று தலைகுனிந்து வணங்கிச் சொன்ன தெருக்காரர்கள் சங்கடப்படுவார்கள். பிறரைச் சங்கடப்படுத்தாமல் இருக்க ஒரே வழி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கைப் போடாமல், நம் வீட்டிலேயே "ஹொக்கைடோவில்" இருப்பதுதான். திரும்பி வந்ததும் ஊருக்குக் கொடுக்க வேண்டிய பிஸ்கட் பெட்டிகளை அப்பா கடைத்தெருவில் நடந்த ஹொக்கைடோ பண்டங்கள் கண்காட்சியில் முன்கூட்டியே வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டார்.

இதில் அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. உண்மையாகவே ஊருக்குப் போகிறவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்ற பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆகவே அவரும் இகராஷி தம்பதியிடம் சாவியைக் கொடுத்தார்.

அந்தச் சாவிதான் இப்போது திரும்பியது.

"வர்றோம். கதவத் திறக்கறோம்," என்றது இகராஷி அம்மாவின் குரல், தேவைக்கு மேல் உரக்க. "இதோ, செருப்பக் கழட்டறோம்."

"எதுக்குடி இப்படிக் கத்தற?" இது அவர் கணவர்.

"மெதுவா வாங்க. பாவம், அவங்க உள்ள போய் உக்கார நேரம் வேணாமா?"

அலமாரிக்குள் அப்பாவின் கை என் தோளை இறுக்கியது.

"போன வருஷம் எங்க போனாங்க?"

"ஒகினாவா. அந்தக் கடற்கரையிலேர்ந்து பொண்ணு போனதவிட வெளுத்துல்ல வந்துச்சு."

"அந்த அன்னாசி கேக் நல்லாத்தான் இருந்துச்சு."

"தின்னீங்கல்ல, பேசாம இருங்க. உடோன் நூடுல்ஸ் கொண்டாந்திருக்கேன், சூடா இருக்கு. மூணு பேருக்குக் காணும். அந்தப் பொம்பளய நெனச்சாத்தான் மனசு ஆறல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அலமாரியிலயே குடித்தனம்."

அம்மா கதவைத் தள்ளித் திறந்தாள்.

வெளிச்சம் கண்ணில் குத்தியது. அம்மா வெளியே இறங்கி, பாவாடையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு, முறையாகத் தலைகுனிந்து வணங்கினாள். இகராஷி அம்மாவின் நாகரிகத்தை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன். சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரும் குனிந்தார்.

"அடடே, வந்தாச்சா? ஹொக்கைடோ எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் இருட்டு அக்கா. நெரிசல் வேற." அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் இப்பக் கிளம்பறேன். போயிட்டு வரேன்."

"போயிட்டு வாங்க. எந்தப் பக்கம்?"

"நிலையத்துல போய்ப் பாத்துக்கறேன்."

பிறகு அலமாரிக்குள் எட்டி என்னைப் பார்த்தாள். "மிசுசு, நீ வரியா?"

நான் வருகிறேன் என்றுதான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "எந்த வண்டிம்மா? எங்க மாறணும்? மழை வந்தா என்ன பண்றது?"

அம்மா என் கன்னத்தைத் தட்டினாள். "நல்லா வளத்திருக்கார்," என்றாள். வாசல் கதவு மெதுவாகச் சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

அப்பா வெளியே வரவில்லை. வந்தால் அவர் ஹொக்கைடோவில் இல்லை என்பது தெரிந்துவிடுமே. பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "குடை எடுத்தாளா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

இகராஷி மாமா அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். "மிசுசு, உங்கப்பா ஹொக்கைடோலேர்ந்து பேசினா ஒண்ணு சொல்லும்மா. உங்கம்மா பஸ் ஏறப் போறாங்க. ஓடினா இப்பக்கூடப் பிடிச்சிரலாம்."

"சொல்றேன் மாமா," என்றேன்.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. போன சத்தமும் கேட்டது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இருவரும் கிளம்பிப் போனார்கள்.

அதன் பிறகு நடந்ததை வரலாறு பொன்னெழுத்துகளில் எழுத வேண்டும். அப்பா வெளியே வந்தார். திரைச்சீலையை விலக்கினார். தெருவில் போகிறவர்கள் பார்க்க, பட்டப்பகலில், தன் வீட்டில் நின்றார். கால அட்டவணையை எடுத்தார், திறக்காமலே கீழே வைத்தார்.

"கிளம்பு," என்றார். "இப்பவே போறோம். இணைப்பு அறுந்தாலும் சரி, நின்னுக்கிட்டே போனாலும் சரி. அவ இருக்கற எடத்துக்குப் போயிடணும்."

ஜப்பானிலேயே தலைசிறந்த பயணத் திட்டக் குழுவின் தலைவர், என் வாழ்நாளில் முதல் தடவையாக, பெட்டியோடு வாசலில் உட்கார்ந்து காலணி மாட்டினார். நானும் மாட்டினேன். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. ஒரு காலணியின் கயிற்றைக் கட்டி முடித்தவர் அடுத்ததை எடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் விடாமல் உட்கார்ந்திருந்த செயலாளர் நான்தான். கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"மிசுசு," என்றார், "அம்மாவுக்கு எங்க போகணும்னு ஆசை?"